வீட்டு இன்வெர்ட்டரால் தெருவின் கரண்டைச் சீராக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலார் போட்டவர்கள், போட யோசிப்பவர்கள், சோலாரே இல்லாமல் லோ வோல்டேஜில் தவிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற சின்னச் சின்ன கன்வெர்ட்டர்களுக்குத் தெருவின் மின்சாரத்தைக் கெடுக்கும் சக்தியும் உண்டு, சீராக்கும் சக்தியும் உண்டு. சீராக்கும் சக்தியைப் பெரும்பாலும் நாம் பூட்டியே வைத்திருக்கிறோம்.

கரண்ட் வருகிறதா இல்லையா என்பதுதானே விஷயம்? "தரம்" என்று தனியாக என்ன இருக்கிறது?

வந்தால் மட்டும் போதாது. நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நெளிவு சுளிவில்லாத அலை. 1956-ம் வருட இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்புக்கு மேலேயும் கீழேயும் 6 சதவீதம் வரை மாறலாம் என்றன. கணக்குப் போட்டால் சுமார் 216-லிருந்து 244 வரை. நிஜத்தில் லைனின் கடைசி வீட்டில் சாயங்காலம் 190-க்கும் கீழே போவதுண்டு, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் விடியற்காலை 248 காட்டுவதும் உண்டு. கடைசி வீட்டில் மோட்டார் சுடும், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் எல்இடி பல்பும் சர்ஜ் பாதுகாப்பும் சீக்கிரம் போகும்.

இதோடு அலையின் வடிவம் கெடுவது (ஹார்மோனிக்ஸ்), பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் நிஜ வேலைக்குப் போகும் பங்கு) குறைவது, மூன்று பேஸிலும் (தெரு லைனில் கரண்ட் வரும் மூன்று ஒயர்கள்) லோடு சமமாக இல்லாமல் போவது, வோல்டேஜ் படபடவென்று ஏறி இறங்கி விளக்கு மினுக்குவது எல்லாமே தரம் என்ற கணக்கில்தான் வரும்.

கன்வெர்ட்டர் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஏசியை டிசியாகவோ டிசியை ஏசியாகவோ மாற்றும் எல்லாவற்றையும். போன் சார்ஜர், எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர், பிஎல்டிசி ஃபேன், டிவி, இன்வெர்ட்டர் ஏசி, வீட்டு யூபிஎஸ், ஸ்கூட்டர் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். இவற்றில் கரண்டை வெளியே அனுப்பத் தெரிந்தது சோலார் இன்வெர்ட்டரும் பேட்டரியோடு வரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும்தான், அதனால் இந்தப் பக்கத்தில் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

குண்டு பல்பு காலத்தில் இந்த ஹார்மோனிக்ஸ் தொல்லை இல்லையே?

ஏறக்குறைய இல்லைதான். குண்டு பல்பு வோல்டேஜ் அலை எப்படி ஏறுகிறதோ அப்படியே கரண்டை இழுக்கும். எல்இடி டிரைவரும் சார்ஜரும் அப்படியில்லை. உள்ளே ஒரு ரெக்டிஃபையர், பின்னால் ஒரு கெபாசிட்டர். அலையின் உச்சிக்கு வரும்போது மட்டும் கெபாசிட்டர் சட்டென்று கரண்டை உறிஞ்சும், மீதி நேரம் சும்மா இருக்கும். ஊரே ஒரே நேரத்தில் உச்சியில் உறிஞ்சினால் உச்சி தட்டையாகிவிடுகிறது.

மலிவு விலையில் எல்இடி பல்பு கொடுத்த மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேலான எல்இடி பல்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் மிச்சமானது உண்மை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கருவிகளின் ஹார்மோனிக்ஸுக்கு வரம்பு வைக்கும் சர்வதேசத் தரமான ஐஇசி 61000-3-2, விளக்குகளைத் தவிர்த்து 75 வாட்டும் அதற்குக் கீழும் இருக்கும் கருவிகளுக்குப் பொதுவாக வரம்பே வைப்பதில்லை. சார்ஜர் போன்றவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் பத்து, தெருவுக்கு ஆயிரம் என்று சேரும்போது அது சின்னதாக இருப்பதில்லை.

சேர்ந்தால் என்ன ஆகும்? மூன்று பேஸிலும் பிரிந்துதானே போகிறது?

இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். சாதாரண 50 ஹெர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலும் சமமாக இருந்தால் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் பொது ஒயர்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகும். மூன்றாவது ஹார்மோனிக், அதாவது 50-ன் மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸ் கரண்ட், அடித்துக்கொள்ளாது; மூன்று பேஸிலிருந்து வருவதும் நியூட்ரலில் கூடும். மோசமான நிலையில் நியூட்ரல் கரண்ட் பேஸ் கரண்டைப்போல 1.73 மடங்கு வரை போக முடியும். அபார்ட்மென்ட்டிலும் கம்ப்யூட்டர் நிறைந்த ஆபீஸிலும் நியூட்ரல் ஜாயின்ட் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் போய் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். வயரிங் செய்யும்போது நியூட்ரலுக்கு மெல்லிய ஒயர் போடுகிறவர்களை அனுமதிக்காதீர்கள்.

சரி, கெடுக்கும் கருவியே சீராக்குவது எப்படி?

சோலார் இன்வெர்ட்டர் எந்தக் கணத்தில் எவ்வளவு கரண்டை வெளியே அனுப்ப வேண்டும் என்பதை அதன் உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, நொடிக்குப் பல ஆயிரம் முறை ஸ்விட்ச் செய்து அந்த அலையை உருவாக்குகிறது. அதனால் வோல்டேஜோடு ஒட்டியபடி கரண்டை அனுப்பச் சொன்னாலும் அனுப்பும், கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அனுப்பச் சொன்னாலும் அனுப்பும். அப்படி முந்திப் பிந்தி அனுப்புவதுதான் ரியாக்டிவ் பவர். இதில் யூனிட் ஓடாது, ஆனால் லைனின் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றவும் இறக்கவும் முடியும். மின்வாரியம் சப்ஸ்டேஷனில் கெபாசிட்டர் பேங்க் வைத்துச் செய்யும் அதே வேலையைத்தான் இந்தப் பெட்டி உங்கள் மொட்டை மாடியில் செய்கிறது. கெபாசிட்டர் பேங்க்கால் ஏற்ற மட்டுமே முடியும், இதனால் இறக்கவும் முடியும்.

எவ்வளவு முடியும் என்பதற்கு ஒரு கணக்கு. கேவிஏ என்பது பெட்டி மொத்தமாகத் தாங்கும் அளவு, கிலோவாட் நிஜ வேலை செய்யும் பகுதி, கேவிஏஆர் ரியாக்டிவ் பகுதி. 5 கேவிஏ இன்வெர்ட்டர் 4 கிலோவாட் உற்பத்தி செய்துகொண்டிருந்தால் 3 கேவிஏஆர் ரியாக்டிவ் கொடுக்க இடம் இருக்கிறது (3-4-5 முக்கோணம்தான், பள்ளியில் படித்தது). முழு 5 கிலோவாட்டும் ஓடினால் மிச்சம் ஒன்றுமில்லை. அதனால்தான் பேனல் அளவைவிட 10 சதவீதம் பெரிய இன்வெர்ட்டர் வாங்குங்கள் என்கிறேன். 5.5 கேவிஏ இருந்தால் 5 கிலோவாட் ஓடும்போதும் 2.3 கேவிஏஆர் அளவுக்குக் கையில் இருக்கும்.

நல்ல வெயில் நேரத்தில் என் சோலார் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு சோலாருக்கான மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறையில், வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் கழன்றுகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதாவது 253 வோல்ட்டுக்கு மேலேயும் 184 வோல்ட்டுக்குக் கீழேயும். பிறகு வோல்டேஜ் சரியாகி குறைந்தது 60 நொடி நிலையாக இருந்தால்தான் திரும்பச் சேரலாம்.

இப்போது டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். நம் தெருமுனையில் இருப்பது 11 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்பார்மர். 433 என்பது லோடு இல்லாதபோது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே இருப்பது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் பார்த்தால் 250. லைனில் போகும்போது குறைந்துவிடும், கடைசி வீட்டுக்கு 230 போய்ச் சேரட்டும் என்று அப்படி வைத்தார்கள். கரண்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு மட்டும் போன காலத்துக்கு அது சரி. இப்போது மதியம் எல்லோரும் வேலைக்குப் போய்விட, வீடுகளில் லோடு இல்லை, கூரைகளிலிருந்து கரண்ட் எதிர்த்திசையில் வருகிறது. எதிர்த்திசையில் வரும்போது வீட்டு முனையில் வோல்டேஜ் கூடும். ஏற்கெனவே 250 பக்கம் நிற்கிற இடத்தில் மிச்சம் 3 வோல்ட்தான் என்றால் ட்ரிப் ஆகாமல் என்ன செய்யும்?

முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் என்றால் அந்த ஒயரிலேயே சுமார் 6 வோல்ட் ஏறிவிடும். மீட்டரில் 248 இருக்கும்போது இன்வெர்ட்டருக்கு 254 தெரியும், அது நின்றுவிடும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் ஏற்றம் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். ஒயரில் மிச்சம் பிடிக்கும் இன்ஸ்டாலர்களால்தான் பாதித் தொல்லை என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகும் நின்றால், உங்கள் தெருவின் சோலார் வீடுகள் எல்லாம் ஒரே பேஸில் மாட்டியிருக்கின்றனவா என்று லைன்மேனிடம் கேளுங்கள். அடுத்து டிரான்ஸ்பார்மரில் டேப் (வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் வசதி) இருந்தால் ஒரு படி இறக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், ஆனால் சாயங்காலம் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் போதுமா என்று பார்த்துத்தான் வாரியம் செய்ய முடியும். இந்த இடத்தில்தான் இன்வெர்ட்டரின் வோல்ட்-வார் உதவிக்கு வருகிறது.

வோல்ட்-வார் என்றால்?

வோல்டேஜ் இவ்வளவு ஏறினால் இவ்வளவு ரியாக்டிவ் பவரை உள்ளே இழு, இவ்வளவு இறங்கினால் இவ்வளவு வெளியே கொடு என்று இன்வெர்ட்டருக்குள் எழுதி வைக்கும் ஒரு கோடு. நம்மைப்போலவே 230 வோல்ட் நாடான ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏஎஸ்/என்இசட்எஸ் 4777.2:2020 என்ற தரம் 2021 டிசம்பரிலிருந்து புதிய இன்வெர்ட்டர்களுக்குக் கட்டாயம். நாட்டின் பெரும்பகுதிக்கான செட்டிங்கில் 220-லிருந்து 240 வரை இன்வெர்ட்டர் ரியாக்டிவ் பக்கம் போவதில்லை. 240-ஐத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க ஆரம்பித்து 258-ல் தன் கொள்ளளவில் 60 சதவீதம் வரை இழுக்கும். 220-க்குக் கீழே கொடுக்க ஆரம்பித்து 207-ல் 44 சதவீதம் கொடுக்கும். அப்படியும் அடங்காவிட்டால் 253-லிருந்து உற்பத்தியையே படிப்படியாகக் குறைக்கும் (இது வோல்ட்-வாட்), 260-ல் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். சட்டென்று முழுதாக நின்றுவிடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு நல்ல ஏற்பாடு!

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். நம் தாழ்வழுத்த லைன்களில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், ரியாக்டன்ஸ் குறைவு. ரியாக்டிவ் பவர் வோல்டேஜை மாற்றுவது பெரும்பாலும் இந்த ரியாக்டன்ஸ் வழியாகத்தான். உதாரணத்துக்கு லைனில் 0.5 ஓம் ரெசிஸ்டன்ஸும் 0.3 ஓம் ரியாக்டன்ஸும் இருந்தால், 4 கிலோவாட் அனுப்பும்போது ஏறுவது சுமார் 8.7 வோல்ட், 3 கேவிஏஆர் உள்ளே இழுத்தால் இறங்குவது சுமார் 3.9 வோல்ட். பாதிதான். ஆனால் ட்ரிப் ஆவதா ஓடுவதா என்பதை அந்த நாலு வோல்ட்தான் பல வீடுகளில் தீர்மானிக்கிறது.

அந்த செட்டிங்கை நானே போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு யாராவது சொல்லிக் கொடுத்தாலும் வேண்டாம். கோடு அதிகச் செங்குத்தாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து இன்வெர்ட்டர்கள் ஒன்றுக்கொன்று எதிர்வினை காட்டி வோல்டேஜை ஆட்ட ஆரம்பிக்கும். அதைவிட மோசம், 253 என்ற ட்ரிப் எல்லையை 265, 270 என்று ஏற்றிவிடுவது. அப்படிச் செய்தால் உங்கள் யூனிட் ஓடும், பக்கத்து வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜ் போர்டு போகும். மின்வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் ஒப்புதலோடு இன்ஸ்டாலரை வைத்துச் செய்வதுதான் முறை.

வெளிநாட்டில் நிஜமாகவே இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்து பார்த்தது மட்டுமில்லை, செய்யாமல் விட்டதால் பட்டும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆரம்பத்தில் வந்த சோலார் இன்வெர்ட்டர்கள் எல்லாம் அதிர்வெண் (ஃப்ரீக்வென்சி) 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் உடனே நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. சோலார் கொஞ்சமாக இருந்தபோது அது பாதுகாப்பு. பல்லாயிரம் மெகாவாட்டாக வளர்ந்த பிறகு அத்தனையும் ஒரே நொடியில் நின்றால் ஐரோப்பாவின் கிரிட்டே ஆட்டம் காணும் என்று புரிந்தது. 2012-ல் தனியாக ஒரு சட்ட ஆணை போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய அமைப்புகளைத் தேடித் தேடி மாற்றினார்கள். புதியவை 50.2-க்கு மேல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற விகிதத்தில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே போகும். நம் 2013 விதிமுறையில் 50.5 ஹெர்ட்ஸில் 0.2 நொடிக்குள் நிற்க வேண்டும் என்று இருந்தது. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-ல் தொடங்கி ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்திருக்கும் நிலையில், ஜெர்மனி பட்டதை நாமும் பட வேண்டியதில்லை.

ஹவாயில் 2015-ல் என்ஃபேஸ் நிறுவனம் சுமார் 8 லட்சம் மைக்ரோ இன்வெர்ட்டர்களின் (பேனலுக்கு ஒன்றாக மாட்டும் சின்ன இன்வெர்ட்டர்) செட்டிங்கை, ஒருவரையும் மாடியேற்றாமல், இணையம் வழியாகவே மாற்றியது. அமெரிக்காவின் ஐஇஇஇ 1547 தரம் 2003-ல் வந்தபோது இப்படிப்பட்ட கருவிகள் வோல்டேஜில் கை வைக்கவே கூடாது என்றது, 2014-ல் அனுமதித்தது, 2018-ல் அந்தத் திறன் இருந்தே ஆக வேண்டும் என்றது. பதினைந்து வருடத்தில் கருத்து முழுக்கத் தலைகீழானது.

இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. குரங்கைத்தான் எல்லோரும் பேசினார்கள். விடுமுறை நாளில் தேவை குறைவாகவும் சோலார் அதிகமாகவும் இருந்ததால் கிரிட் அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்ற பகுதியைக் குறைவாகவே பேசினார்கள். அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரை சோலாரை மதியம் 3 மணி வரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. படிப்படியாகக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த இன்வெர்ட்டர்கள் எல்லாக் கூரையிலும் இருந்தால் கையால் அணைக்கச் சொல்லும் தேவை பெருமளவு குறையும்.

லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் போட்டால் போதாதா?

உங்களுக்குப் போதும், தெருவுக்குக் கெடுதல். ஸ்டெபிலைசர் வோல்டேஜை உருவாக்குவதில்லை, லைனிலிருந்து கூடுதல் கரண்ட் இழுத்து ஏற்றிக் கொடுக்கிறது. 225 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டரை நேரே 180-ல் மாட்டினால் 4 ஆம்பியர்தான் எடுக்கும். ஸ்டெபிலைசர் வழியாக மாட்டினால் லைனிலிருந்து 6.25 ஆம்பியர் போகும். அதனால் லைன் இன்னும் இறங்கும், பக்கத்து வீட்டிலும் ஸ்டெபிலைசர் வாங்குவார்கள், அது இன்னும் இறங்கும். இன்வெர்ட்டர் ஏசியும் இதே குணம்தான். மாலையில் பேட்டரியிலிருந்து ஒரு கிலோவாட்டாவது வெளியே கொடுக்கிற ஹைபிரிட் இன்வெர்ட்டர் லைனின் கடைசி வீட்டில் இருந்தால் அந்த வரிசைக்கே வோல்டேஜ் கொஞ்சம் தூக்கும். ரெசிஸ்டன்ஸ் அதிகமான லைனில் இதுதான் நேரான மருந்து, ஆனால் பேட்டரி விலை இன்னும் இறங்க வேண்டும்.

வீட்டு யூபிஎஸ் இந்த வேலையைச் செய்யுமா?

செய்யாது. அது கரண்ட் போனால் வீட்டுக்குக் கொடுக்கும், லைனுக்குத் திருப்பிக் கொடுக்காது. கொடுக்கவும் கூடாது. உண்மையில் கரண்ட் வந்ததும் தெருவின் எல்லா யூபிஎஸ்ஸும் ஒரே நேரத்தில் சார்ஜ் எடுக்க ஆரம்பிப்பது ஒரு தொல்லை.

ஹார்மோனிக்ஸை சோலார் இன்வெர்ட்டர் துடைத்துவிடும் என்கிறார்களே?

முடியும். மீட்டர் பக்கம் ஒரு சென்சார் வைத்து, வீட்டின் கோணலான கரண்டைப் பார்த்து, அதற்கு நேர் எதிரான கோணலை இன்வெர்ட்டர் அனுப்பினால் லைனுக்குத் தெரிவது சுத்தமான அலை. இதற்கான கணித வழியை ஜப்பானின் அகாகியும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார்கள், தொழிற்சாலைகளில் ஆக்டிவ் ஃபில்டர் என்று விற்பது அதுதான். வீட்டு அளவில் இதை நம்பி இப்போது காசு போடாதீர்கள். பிஎஃப்சி (கரண்டின் கோணலைக் குறைக்கும் சர்க்யூட்) உள்ள ஏசி, பிஎஃப்சி உள்ள சார்ஜர் வாங்குவது அதைவிட மலிவான வழி.

"பவர் சேவர்" பிளக் மாட்டினால் பில் குறையுமா?

குறையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர். வீட்டு மீட்டர் யூனிட்டுக்கு மட்டும்தான் காசு வாங்குகிறது, பவர் ஃபேக்டருக்கு இல்லை. வாங்காதீர்கள்.

எங்களுடையது சின்ன பட்டறை. சோலார் போட்டதும் பவர் ஃபேக்டர் படுத்துவிட்டது, ஏன்?

சோலார் வாட்டை மட்டும் கொடுக்கிறது, உங்கள் மோட்டாருக்குத் தேவையான ரியாக்டிவ் இன்னும் லைனிலிருந்தே வருகிறது. முன்பு 10 கிலோவாட்டும் 6 கேவிஏஆரும் எடுத்தீர்கள், பவர் ஃபேக்டர் 0.86. சோலார் 7 கிலோவாட் கொடுத்ததும் லைனிலிருந்து 3 கிலோவாட்டும் அதே 6 கேவிஏஆரும், பவர் ஃபேக்டர் 0.45. மோட்டார் கெடவில்லை, கணக்குதான் அப்படி. இன்வெர்ட்டரிலிருந்தே ரியாக்டிவ் கொடுக்க வைத்தால் சரியாகும். பட்டறைக்காரர்கள் இதை அவசியம் இன்ஸ்டாலரிடம் கேளுங்கள், பவர் ஃபேக்டர் குறைந்ததற்குக் கட்டும் அபராதத் தொகை சும்மா போகிறது.

தெருவுக்காக என் இன்வெர்ட்டர் உழைத்தால் எனக்கு என்ன லாபம்? நஷ்டம்தானே?

ரியாக்டிவ் கொடுக்கும்போது கரண்ட் கூடும், பெட்டி கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், சிறிய அளவில் யூனிட் போகும். வோல்ட்-வாட் வேலை செய்தால் உற்பத்தியே குறையும், அதிலும் லைனின் கடைசியில் இருப்பவருக்குத்தான் அதிகம் வெட்டு விழும். அது நியாயமில்லை. இதற்கு இழப்பீடோ பில்லில் சலுகையோ வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நல்ல வெயிலில் மணிக்கணக்கில் ட்ரிப் ஆகி நிற்பதோடு ஒப்பிட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு இதில் கிடைப்பதுதான் அதிகம்.

இரவில் சோலார் இன்வெர்ட்டர் சும்மாதானே இருக்கிறது?

ஆமாம், லோ வோல்டேஜ் மோசமாக இருக்கிற அந்த நேரத்தில்தான் அதன் முழுக் கொள்ளளவும் காலியாக இருக்கிறது. சில மாடல்களில் இரவு ரியாக்டிவ் வசதி உண்டு. வெயில் இல்லாமலேயே லைனிலிருந்து கொஞ்சம் யூனிட் எடுத்துத் தன் சூட்டில் போகும் நஷ்டத்தை ஈடுகட்டிக்கொண்டு, 5 கேவிஏ பெட்டி 5 கேவிஏஆர் வரை கொடுக்கும். அந்தக் கொஞ்ச யூனிட்டின் காசை உங்கள் பில்லில் போடாமல் மின்வாரியம் ஏற்க வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழே பத்து வீட்டு இன்வெர்ட்டர்கள் இப்படி மாலை 6-லிருந்து 10 வரை வேலை செய்தால் புதிதாகக் கெபாசிட்டர் வைக்கும் செலவு மிச்சம். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா, வோல்ட்-வார் இருக்கிறதா, செட்டிங்கைத் தொலைவிலிருந்து மாற்ற முடியுமா என்ற மூன்றையும் கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.